நான்காவது நிபந்தனை

அத்தியாயம் 17

போன வாரம் நம் லிஃப்ட் மெக்கானிக்கை ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் அவள் மகள். "வாசல்ல நிறுத்திட்டு ஒரு வாரம் காக்க வைக்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?" என்று கடிதம் எழுதிய வாசகியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள். காலை எட்டு மணி பத்து நிமிடம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. மகளுக்கு ஒன்பது வயது. லிஃப்ட் மெஷின் ரூம்களில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வளர்ந்ததால் அம்மாவோடு வேலை செய்பவர்கள் நட்டு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. பிறக்கும்போதே இரண்டு பாதங்களும் உட்பக்கமாகத் திரும்பியிருந்தன. போன வருடம் வலது பாதத்தைச் சரிசெய்தார்கள்.

ஆபரேஷனில் குறை சொல்ல எதுவுமில்லை. அதற்குப் பிறகுதான் கொடுமை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்காக முதுகில் போட்ட ஊசி, பிற்பகல் மூன்று மணிக்குத் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த மருந்து வந்து சேரும்போது மணி ஐந்தரை. நடுவில் இருந்த இரண்டரை மணி நேரத்தை நட்டு இன்றுவரை மறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடித்தால் இன்றும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள்.

இன்று இடது பாதம். "இந்தத் தடவை அப்படி வலிக்க விடமாட்டேன்" என்று அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாள். அந்த வாக்கை நம்பித்தான் குழந்தை ஸ்ட்ரெச்சரிலேயே ஏறியிருக்கிறாள்.

அம்மா அதைச் சும்மா சொல்லிவிடவில்லை. நேற்று மயக்க டாக்டர் விளக்கியிருந்தார். நெட்டையான மனிதர், குழந்தைகளோடு பேசவேண்டும் என்றால் தரையில் உட்கார்ந்துவிடுவார். "அதே ஊசியில இன்னொரு மருந்து கொஞ்சூண்டு சேர்த்தா, ஆறு மணி நேரம் நிக்கிறது பெரும்பாலும் ராத்திரி வரைக்கும் நிக்கும். ஆனா குழந்தை தூங்கித் தூங்கி விழுவா, நாடி கொஞ்சம் குறையலாம். அதனால அரை மணிக்கு ஒருதரம் நர்ஸ் பார்க்கணும். வார்டுல ஆள் இருக்குன்னு பெரிய சிஸ்டர் கையெழுத்துப் போட்டா செஞ்சிடலாம்" என்றார்.

அந்தப் பெரிய சிஸ்டர் வேறு யாருமில்லை. மெக்கானிக்கின் நாத்தனார். கணவனின் உடன்பிறந்த அக்கா. இந்த ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்ததே அவர் தயவால்தான்.

இனி இன்றைய கதை.

"அம்மா, கொஞ்சம் நகருங்க. உள்ள கூப்பிடுறாங்க" என்றார் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்.

மெக்கானிக் நகரவில்லை. ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில் கிளிப் போட்டு மாட்டியிருந்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் அதன் சீட்டைப் படிக்காமல் அவளுக்குக் கை ஓடாது. மூன்றாவது காகிதத்தில் கண் நின்றது. அரை மணிக்கு ஒருமுறை கவனிக்க இயலுமா என்ற கேள்விக்கு எதிரே, நாத்தனாரின் முத்துமுத்தான கையெழுத்தில் இரண்டே சொற்கள். *ஆள் இல்லை.*

"அப்ப அந்த மருந்து சேர்க்க மாட்டீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. என் வேலை தள்ளுறது."

"அம்மா?" என்றாள் நட்டு. ஒரே ஒரு சொல்தான். அதில் மூன்று மணி முழுவதும் இருந்தது.

மெக்கானிக் தோள்பையைத் திறந்தாள். உள்ளே அவளுடைய சிவப்புப் பூட்டு இருந்தது. லிஃப்ட் வேலைக்காரர்களுக்கு இது ஒரு சட்டம். லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டில் ஓர் அட்டை தொங்கும்: *ஆள் உள்ளே இருக்கிறார். கழற்றாதே.* முதலாளியே வந்தாலும் சரி, அந்தப் பூட்டைப் போட்டவர்தான் திறக்கவேண்டும்.

அவள் அந்த நீளக் கழுத்துப் பூட்டை ஸ்ட்ரெச்சரின் கம்பியையும் சுவரில் இருந்த கைப்பிடிக் கம்பியையும் சேர்த்து மாட்டி, 'டக்' என்று அழுத்தினாள்.

தள்ளுகிறவர் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "என்னம்மா இது!" என்றார், பாதி அதிர்ச்சி, பாதி சிரிப்பு.

"வழியை மறிக்கல. மத்தவங்க தாராளமா போகலாம். என் பொண்ணு மட்டும் அந்தக் கையெழுத்து மாறுற வரைக்கும் இங்கதான் இருப்பா."

ஆஸ்பத்திரியில் செய்தி லிஃப்டை விட வேகமாகப் போகும். மூன்றாவது நிமிடம் பெரிய சிஸ்டர் வந்துவிட்டார். இருபத்தாறு வருட சர்வீஸ், இஸ்திரி கலையாத உடுப்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. பூட்டைப் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"உனக்கென்ன பைத்தியமா? என் மானத்தை வாங்கணும்னே வந்தியா?"

"இல்ல அண்ணி. கையெழுத்து வாங்க வந்தேன்."

"ராத்திரி ரெண்டு பேர், பகல்ல மூணு பேர். எட்டுப் படுக்கை. நம்ம வீட்டுப் பொண்ணுக்குன்னு நான் ஆள் போட்டா நாளைக்கு மத்தவங்க சும்மா இருப்பாங்களா? பெரிய டாக்டர் கையைக் கழுவிட்டு நிக்கிறார். இன்னும் பத்து நிமிஷத்துல வரலேன்னா அடுத்த குழந்தையை எடுத்துடுவார். அப்புறம் அடுத்த முறை வர நாலு மாசம். எலும்பு அதுவரைக்கும் உனக்காகக் காத்திருக்குமா?"

நாலு மாசம் என்றதும் மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பயமில்லாமல் முரண்டு பிடிக்கிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாவி வைத்திருந்த பையின் மேல் அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது.

ஆனாலும் சொன்னாள். "லிஃப்ட் நடுவுல கரண்ட் போனா தொப்புனு விழ விடமாட்டோம் அண்ணி. பேட்டரி போட்டு, அடுத்த மாடி வரைக்கும் மெதுவா இறக்கி, கதவைத் திறந்துவிடுவோம். சாதாரண இரும்புப் பெட்டிக்கே அவ்வளவு செய்றோம். போன வருஷம் என் பொண்ணை அந்தரத்துல விட்டுட்டீங்க."

"எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான். ஒரு மணி நேரம் அழும், அப்புறம் மறந்துடும்."

"நான் மறக்கல" என்றாள் நட்டு.

இரண்டு பெரியவர்களும் திரும்பினார்கள். குழந்தை தலையணைக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். அம்மாவின் ஆபீஸ் படிவம் அது. 'வேலை தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை' என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே நட்டு தன் கையால் எழுதிய வரிகள். "அம்மா குழிக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி இதுல எல்லாரும் கையெழுத்துப் போடணும். நானும் இன்னிக்கு இறங்குறேன்ல? அதான்."

கதவைத் திறந்துகொண்டு மயக்க டாக்டர் வந்தார். பூட்டைப் பார்த்தும் பார்க்காதவர் போல, பச்சை உடுப்போடு ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "யார் கையெழுத்து வேணும்? எனக்கு முதல்ல காட்டு."

சத்தமாகப் படித்தார்.

"ஒண்ணு. ஊசி தீர்றதுக்கு முன்னாடியே அடுத்த மருந்து குடுக்கணும். அழுத பிறகு இல்ல." நிமிர்ந்து பார்த்தார். "இதை எழுத நான் எத்தனை வருஷம் படிச்சேன் தெரியுமா?" கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு. எத்தனை மணிக்குத் தீரும்னு எனக்குச் சொல்லணும். எனக்கு மணி பார்க்கத் தெரியும்." நட்டுவைப் பார்த்தார். "சரி. நிமிஷ சுத்தமா சொல்ல முடியாது, உத்தேசமா சொல்றேன், ஒத்துக்கிறியா?"

நட்டு யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

"மூணு. எறும்பு கடிக்கிற மாதிரின்னு யாரும் சொல்லக் கூடாது. எறும்பு அப்படிக் கடிக்காது." டாக்டர் சிரித்துவிட்டார். "இத்தனை நாளா எறும்பு மேல பழி போட்டுட்டேன்." அதற்கும் கையெழுத்து.

காகிதத்தின் அடிப்பகுதி இன்னும் மடிந்திருந்தது. பிரித்தார். படித்தார், ஆனால் இந்தமுறை சத்தம் வரவில்லை. எழுந்து அதைப் பெரிய சிஸ்டரிடம் நீட்டினார். "இது எனக்கில்ல சிஸ்டர். உங்களுக்கு."

பெரிய சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

*4. அத்தை மூஞ்சிப் படம் காட்டும்போது சிரிக்கிற மூஞ்சியைத்தான் தொடணும்னு சொல்லக் கூடாது.*

குழந்தைகள் வார்டில் ஓர் அட்டை உண்டு. வரிசையாக ஆறு முகங்கள், அடியில் பூஜ்யம், இரண்டு, நான்கு என்று பத்து வரை எண்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் கண்ணீர் விடும். எந்த முகத்தைக் குழந்தை தொடுகிறதோ அதற்கேற்ப வலியின் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? குழந்தை ஏதோ உளறுது" என்றார் பெரிய சிஸ்டர்.

"போன தடவை" என்றாள் நட்டு. கோபமில்லாமல்தான் சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "ஆபரேஷனுக்கு முன்னாடி. நீ நம்ம வீட்டுப் பொண்ணு, என் வார்டுல அழுது என் பேரைக் கெடுத்துடாத, சமர்த்தா சிரிக்கிற மூஞ்சியைத் தொடணும்னு சொன்னீங்க. மூணு தடவை காட்டினீங்க. மூணு தடவையும் தொட்டேன். நாலாவது தடவை என்னால முடியல அத்தை."

மருந்து ஏன் அத்தனை தாமதமாக வந்தது என்று மெக்கானிக் ஒரு வருடமாக யார் யாரையோ சபித்திருக்கிறாள். காரணம் இப்போதுதான் தெரிந்தது. வாயில் வந்ததைக் கொட்டியிருக்கலாம். நானாக இருந்தால் கொட்டியிருப்பேன். அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஏனென்றால் பெரிய சிஸ்டருக்கு நினைவு வந்துவிட்டது. சமர்த்துப் பொண்ணு என்று கன்னத்தைத் தட்டியது. தட்டிவிட்டு சார்ட்டில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று தன் கையால் எழுதியது. இருபத்தாறு வருடத்தில் தப்பாக ஒரு எண் எழுதியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட கை அது.

அவர் டாக்டரிடம் பேனாவை வாங்கினார். நான்காவது வரியின் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு ஸ்ட்ரெச்சரில் மாட்டியிருந்த காகிதத்தை இழுத்து *ஆள் இல்லை* என்பதை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் எழுதினார்: *நானே பார்த்துக்கொள்கிறேன்.*

"பூட்டைத் திற" என்றார் தம்பி மனைவியிடம். குரலில் இன்னும் அதிகாரம் குறையவில்லை. "நேரமாகுது."

தியேட்டர் கதவு மூடியது. மெக்கானிக் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே இருந்த லிஃப்டின் கதவு ஒவ்வொரு முறை மூடும்போதும் அடியில் எதுவோ உராய்ந்தது. ஐந்து நிமிட வேலை. கை பரபரத்தது. தன் வேலையில் என்ன ஓசை கேட்டால் எதைத் தொடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இங்கே எதுவுமே தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

செல்போன் அடித்தது. லாரியோடு வெளியூர் போயிருக்கும் கணவர். "அக்காகிட்ட சண்டை போட்டியாமே?"

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? போட்டியா இல்லியா?"

"போட்டேன்."

மறுமுனையில் லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "ஜெயிச்சியா?"

"தெரியல. மூணு மணிக்குச் சொல்றேன்."

பன்னிரண்டு மணிக்கு நட்டுவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடது காலில் முழங்கால் வரை புதுக் கட்டு. நல்ல தூக்கம். பெரிய சிஸ்டர் தன் நாற்காலியை ஆபீஸ் அறையிலிருந்து இழுத்துவந்து படுக்கைக்கு எதிரே போட்டுக்கொண்டார். அங்கிருந்தே வார்டை நடத்தினார். பன்னிரண்டரைக்குப் பார்த்தார். குறித்தார்.

ஒரு மணிக்கு விரலில் மாட்டியிருந்த கருவி 'பீப் பீப்' என்று கத்தியது.

மெக்கானிக் துள்ளி எழுந்தாள். திரையில் நாடி எண் இறங்கிக்கொண்டிருந்தது. எழுபத்தாறு. எழுபது. அறுபத்திரண்டு. அவளுக்கு உலகமே நின்றுபோனது. ஊசியில் சேர்த்த மருந்து. அவள் கேட்ட மருந்து. பூட்டுப் போட்டு, அடம் பிடித்து வாங்கிய மருந்து.

பெரிய சிஸ்டர் ஓடவில்லை. குழந்தையின் மூச்சைப் பார்த்தார், உதட்டின் நிறத்தைப் பார்த்தார், கையைப் பிடித்துத் தானே நாடியை எண்ணினார். "நட்டு, கண்ணைத் திற பார்க்கலாம்." நட்டு எரிச்சலோடு ஒரு கண்ணைத் திறந்து மூடினாள். போன் போட்டதும் மயக்க டாக்டர் வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். ஆழ்ந்த தூக்கம், நாடி இந்த அளவுக்கு இறங்கும் என்று எதிர்பார்த்ததுதான், பயப்பட ஒன்றுமில்லை, தொடர்ந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணி, நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"தூக்கத்துல குறையும்னு முன்னாடியே சொன்னாங்கல்ல? அதைப் பார்க்கத்தானே ஆள் வேணும்னாங்க." பெரிய சிஸ்டர் எண்ணை எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "பார்க்க நான் இருக்கேன். நீ உட்காரு."

கல்யாணமாகி வந்த இந்தப் பதினோரு வருடத்தில் நாத்தனார் அவளை உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

இரண்டு மணிக்கு, காலில் உணர்வே இல்லாத போதே, குழந்தையை எழுப்பி வாய்வழி மருந்து கொடுத்தார்கள். முதல் நிபந்தனை. "ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குக் கால் மெல்ல முழிச்சுக்கும். அதுக்கு முன்னாடி எட்டு மணிக்கு மறுபடி மருந்து" என்று பெரிய சிஸ்டர் குழந்தையிடம் சொன்னார். இரண்டாவது நிபந்தனை. எறும்பு பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

இரண்டே முக்காலுக்கு நட்டு முழுதாக விழித்துவிட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அம்மாவின் விரலைப் பிடித்தாள். போர்வை கழுத்து வரை ஏறியது.

மூன்று மணி.

மூன்று மணி ஒரு நிமிடம். ஐந்து நிமிடம்.

"அம்மா, இன்னும் வரல."

"வராது."

மூன்றே கால். நட்டு போர்வையைத் தள்ளிவிட்டு பிஸ்கட் கேட்டாள். மெக்கானிக் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் பிரித்தாள், கண்ணீர் மறைத்தது. இரண்டு நாளாக வராத அழுகை எல்லாம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் மேல் வந்து விழுந்தது.

அப்போதுதான் ஐந்தாம் படுக்கையில் இருந்த சின்னப் பாப்பா முனக ஆரம்பித்தது. காலையில் அதற்கும் ஆபரேஷன். அதற்குப் போட்டது கூடுதல் மருந்து சேர்க்காத ஊசி, அதன் நேரம் முடிந்துவிட்டது. பாப்பாவின் அப்பா நர்ஸிடம் போனார். நர்ஸ் வார்டு வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். உள்ளே மஞ்சள் பாய்ந்த காகிதம்: *குழந்தை வலி என்று சொன்னால் மருந்து தரவும்.* "இன்னும் அழலையே சார். முனகுறா. அழுதா குடுக்கலாம்."

"அத்தை" என்றாள் நட்டு, வாய் நிறைய பிஸ்கட்டோடு. "அந்தப் பாப்பாவுக்கு எழுதத் தெரியாது."

பெரிய சிஸ்டர் ஐந்தாம் படுக்கையைப் பார்த்தார். பிறகு எழுந்தார். முதலில் பாப்பாவுக்கு மருந்து போனது. அடுத்து மயக்க டாக்டரை வரவழைத்து எட்டுப் படுக்கைக்கும் மருந்தும் மணியும் எழுதி வாங்கினார். தன் முத்துமுத்தான கையெழுத்தில் புதுக் காகிதம் தயாரித்தார். *மருந்து மணிப்படி தரவும். அழுகைக்குக் காத்திருக்க வேண்டாம்.* கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மஞ்சள் காகிதத்தை எடுத்துவிட்டு இதைக் குத்தினார்.

ஆறு மணிக்கு முகங்களின் அட்டையோடு நட்டுவிடம் வந்தார். எதுவும் சொல்லாமல் நீட்டினார். நட்டுவின் விரல் பழக்கத்தில் சிரிக்கிற முகத்துக்குப் போனது. நின்றது. அத்தையை நிமிர்ந்து பார்த்தது அந்தக் குழந்தை. விரல் ஒரு முகம் தள்ளி, அடுத்ததைத் தொட்டது.

"கால்ல இல்ல. டியூப் குத்தியிருக்கிற கையில. கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டு" என்று சொல்லிக்கொண்டே பெரிய சிஸ்டர் இரண்டு என்று எழுதினார். டியூபின் பிளாஸ்திரியை மெதுவாகத் தளர்த்திவிட்டார்.

மேஜையில் போன் அடித்தது, பெரிய டாக்டரின் அறையிலிருந்து. ஒரு நிமிடம் கேட்டார். "ஆமா டாக்டர், நான்தான் மாத்தினேன்... யாரையும் கேட்கல... வர்றேன். நானே உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."

அலமாரியிலிருந்து போன வருடத்து ஃபைலை எடுத்தார். மூன்று பூஜ்யங்கள் இருந்த பக்கத்தைப் பிரித்தார். அதில் அழிக்கவோ திருத்தவோ இல்லை. கீழே இன்றைய தேதியிட்டு எழுதினார்: *இந்த மூன்று பதிவுகளும் உண்மையல்ல. பொறுப்பு என்னுடையது.* கையெழுத்து.

மெக்கானிக் பதறினாள். "அண்ணி, வேலைக்கே வேட்டு வந்துடும். ரிட்டயர் ஆக நாலு வருஷம்கூட இல்ல. வேண்டாம்."

"காலையில கம்பியில பூட்டுப் போடும்போது உனக்கு இதெல்லாம் தோணிச்சா?"

பெரிய சிஸ்டர் கையை நீட்டினார்.

"அந்தப் பூட்டு எங்க? குடு."

சிவப்புப் பூட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கண்ணாடிப் பெட்டியின் கொண்டியில் மாட்டி அழுத்தினார். பூட்டின் அட்டை காகிதத்துக்கு முன்னால் தொங்கியது. சாவியைக் கொண்டுவந்து நட்டுவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "எட்டு மணி மருந்து ஞாபகம் இருக்கட்டும்" என்று தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டு, ஃபைலையும் பழைய மஞ்சள் காகிதத்தையும் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

அரை மணி ஆனது. அவர் திரும்பவில்லை. பதிலாகப் பெரிய டாக்டரின் அறை உதவியாளர் வந்தார், கையில் பழைய மஞ்சள் காகிதம். கண்ணாடிப் பெட்டியை இழுத்துப் பார்த்தார். பூட்டை ஆட்டிப் பார்த்தார். வார்டுக்குள் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"யார்மா பூட்டுப் போட்டது? சாவி யார்கிட்ட இருக்கு? உடனே கழட்டச் சொல்லி உத்தரவு."

மெக்கானிக் எழுந்தாள். அவளுக்கு முன்னால் நட்டு முந்திக்கொண்டாள். சாவி இருந்த கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, மற்ற கையால் வாசலைக் காட்டினாள்.

"அந்த அட்டையைப் படிங்க அங்கிள்."

உதவியாளர் குனிந்தார். *ஆள் உள்ளே இருக்கிறார். கழற்றாதே.*

"எந்த ஆள்?"

நட்டு தன் படுக்கையில் தொடங்கி ஒவ்வொரு படுக்கையாக விரல் நீட்டி எண்ணினாள். ஐந்தாம் படுக்கையில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது.

"எட்டுப் பேர்" என்றாள்.